நிப்பாட்டுற குளிசை கேட்டு வாறவைக்கு

"தம்பி, வயித்தால போகுது. நிப்பாட்டுற குளிசை ரெண்டு தா."

மாங்குளத்தில மருந்துக்கடை வைச்சிருக்கிறன். மாரி துவங்கி கிணறுகளுக்க வெள்ளம் இறங்கினா நாளுக்கு நாலைஞ்சு தரம் இதைக் கேப்பன். பெட்டியில கை வைக்க முதல் என்ர பக்கத்தால மூண்டு கேள்வி: ரத்தம் போகுதோ, காய்ச்சல் காயுதோ, குடிக்கப்போறது ஆர்?

ரத்தம் போனாலோ, கடுங்காய்ச்சல் காய்ஞ்சாலோ லொபெரமைட் எண்ட இந்த நிப்பாட்டுற குளிசையைத் தரமாட்டன். அது கிருமியைக் கொல்லாது, குடலின்ர அசைவை மந்தமாக்கும், அவ்வளவுதான். வெளியில போகவேண்டிய ஊத்தையை உள்ளுக்க வைச்சுக் கதவைப் பூட்டின மாதிரி. கிட்டடியில அன்ரிபயோட்டிக் குடிச்சு, அதோட துவங்கின வயித்தோட்டமெண்டாலும் டொக்டரிட்டக் கேளாமல் தொடாதேங்கோ.

பிள்ளைக்கு எண்டா கதையே இல்லை. ரெண்டு வயசுக்குள்ள கூடவே கூடாது. அதுக்கு மேலயும் டொக்டர் எழுதினாத்தான்.

வளந்த ஆள், ரத்தமில்லை, காய்ச்சலில்லை, இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போகவேணும் எண்டா மனசாரத் தருவன். ஒண்டு 2 மில்லிகிராம். முதல் ரெண்டு, பிறகு தண்ணியாப் போற ஒவ்வொரு முறைக்கும் ஒண்டு. ஒரு நாளைக்கு நாலுக்கு மேல வேண்டாம். நிக்கேல்லை எண்டு அள்ளிப் போட்டா இதயத் துடிப்பே குழம்பும். இதயத்துக்கு மருந்து எடுக்கிறவை, ஈரல் வருத்தக்காரர் முதலே சொல்லிப்போடுங்கோ. வயிறு ஊதிக் கல்லாகினா உடனே குளிசையை விடுங்கோ. ரெண்டு நாளில குறையாட்டி ஆஸ்பத்திரி. தலைசுத்தும், நித்திரை தூங்கும், மோட்டச்சைக்கிள், உழவு மெசின் பக்கம் போகாதேங்கோ.

உண்மையான மருந்து ஜீவனிதான், வயித்தால போற தண்ணியையும் உப்பையும் ஈடுகட்டக் கரைச்சுக் குடிக்கிற பக்கற் தூள். அதையும் பிழையாக் கரைக்கிறவைதான் கூட. போன மாரி பக்கத்து வளவு ஆச்சி பேரனுக்குக் கரைச்ச கப்போட வந்தா. "துப்புறான் தம்பி, மருந்து பழசோ?" நாக்கில வைச்சுப் பாத்தன், முல்லைத்தீவுக் கடல். முழுப் பக்கற்றையும் ஒரு கப் தண்ணியில கரைச்சிருக்கிறா! அப்பிடிக் குடுத்தா உப்புக் கூடிப் பிள்ளை இன்னும் வாடும். ஒரு லீற்றர் போத்தலொண்டைக் கழுவிக் குடுத்துவிட்டன்.

கொதிச்சாறின தண்ணி ஒரு லீற்றருக்கு முழுப் பக்கற். பாதி பக்கற் பாதித் தண்ணி எண்டு கண்மட்டத்தில பிரிக்காதேங்கோ. கரைச்சாப்பிறகு கொதிக்கவைக்கக் கூடாது. 24 மணித்தியாலம் கழிஞ்சா ஊத்துங்கோ. சத்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டு, கரண்டி கரண்டியாக் குடுங்கோ. பக்கற் இல்லையெண்டா ஒரு லீற்றருக்குத் தேக்கரண்டியால மட்டமா ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. கண்ணீரை விட உப்பாயிருந்தாக் கொட்டிப்போட்டுத் திருப்பிக் கரையுங்கோ. தாய்ப்பால், கஞ்சி, சோறு ஒண்டையும் நிப்பாட்டவேண்டாம்.

சிறுநீரக வருத்தக்காரர், பிறசர், சீனிக் குளிசை எடுக்கிற வயசானவை என்ர கடையில மினக்கெடாமல் முதல் நாளே கிளினிக்குக்குப் போங்கோ. சீனி வருத்தத்துக்குக் குடிக்கிற மெற்போமினே சிலருக்கு வயித்தைக் குழப்பும்.

கண் குழிவிழுந்து, சலம் போகாமல், பிள்ளை சோர்ந்து குடிக்கவும் மறுத்தால் 1990க்கு அடியுங்கோ. அம்புலன்சுக்குக் காசில்லை.