புதுச்சேரியை நடந்தே பார்ப்பது எப்படி: கடலில் தொடங்கி வாய்க்காலைத் தாண்டி ஒரு காலை நடை

புதுச்சேரிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், மஞ்சள் சுவர், காகிதப்பூ, பீச் ரோடு என்று மூன்றோடு நிறுத்திவிடுவார்கள். ஊரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி, மேற்கே தமிழர்கள் வாழ்ந்த பகுதி. பலர் கிழக்கைப் பார்த்துவிட்டு ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். மே மாதம், காலை பதினொரு மணிக்கு நடக்க ஆரம்பித்து, ஒரு மணிநேரத்தில் தலை சுற்றி அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது.

முதல் முறை போகிறவர் வழிகாட்டி இல்லாமல் ஒரே காலையில் இரண்டு பக்கத்தையும் பார்க்கும்படி ஒரு வழி சொல்கிறேன். மொத்தம் சுமார் 5 கிலோமீட்டர். உள்ளே போய் நின்று நிதானமாகப் பார்த்தால் ஐந்து மணிநேரம் ஆகும்.

கிளம்புவதற்கு முன்

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை நடக்க நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்று மூடியிருக்கும். கழற்றி மாட்ட எளிதான செருப்பு, தொப்பி, தண்ணீர் போதும்.

திசையைப் பற்றிக் கவலையே வேண்டாம். தெருக்கள் கட்டம் கட்டமாக, ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றன. 1690களில் ஊர் சில ஆண்டுகள் டச்சுக்காரர்கள் கையில் இருந்தபோது போட்ட திட்டம் இது. கடல் எப்போதும் கிழக்கே. கடற்காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால் வரைபடம்கூடத் தேவைப்படாது. தெரு முனைகளில் நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் எழுதியிருக்கும். சில வீதிகளுக்குப் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் வழக்கில் உண்டு. இன்றைய நேரு வீதி ஒரு காலத்தில் துய்ப்ளெக்ஸ் வீதி. வழி கேட்கும்போது ஒரு பெயர் புரியாவிட்டால் இன்னொன்றைச் சொல்லிப் பாருங்கள்.

படி 1: காலை ஆறு மணிக்குக் காந்தி சிலை

பீச் ரோட்டில் மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் வராது. அதனால் ஆறு மணிக்கே காந்தி சிலை அருகே இருங்கள். சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. அருகில் போய் அவற்றின் சிற்ப வேலைப்பாட்டைப் பாருங்கள். எல்லோரும் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு தூண்களை விட்டுவிடுகிறார்கள். சாலையின் எதிர்ப்பக்கம் தெரிவது பழைய கலங்கரை விளக்கம். 1836-இல் ஏற்றியது, 1979 வரை எரிந்தது.

அடுத்து கடலைப் பாருங்கள். கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறது, ஒரு பகுதியில் மட்டும் மணல் இருக்கிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வரவேண்டிய மணல் அங்கேயே நின்றுவிட்டது, இங்கே இருந்ததைக் கடல் கொண்டுபோயிற்று. ஊரைக் காப்பாற்றக் கல்லைக் கொட்ட வேண்டியதாயிற்று. 2018-இல் தலைமைச் செயலகம் அருகே நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அந்த மணலில் இன்று குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

இதே சாலையில் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது, 1938-இல் திறந்தது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களை ஊரில் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று வந்தால் அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் பதக்கம் அணிந்து வருவதைப் பார்க்கலாம்.

படி 2: தெற்கே துய்ப்ளெக்ஸ் வரை, திரும்பும்போது துய்மா வீதி

கடலை இடது கையில் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தால் சாலை முடிகிற இடத்தில் ஆளுநர் துய்ப்ளெக்ஸின் சிலை. 1742 முதல் 1754 வரை ஊரை ஆண்டவர். சிலை 1870-இல் வைத்தது. இவர் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு இடங்களில் மறுபடி வருவார்.

திரும்பும்போது பீச் ரோட்டை விட்டுவிட்டு, ஒரு வீதி உள்ளே தள்ளி துய்மா வீதி வழியாக வடக்கே வாருங்கள். வழியில் தேவதைகளின் அன்னை ஆலயம். ஊர்க்காரர்கள் கப்ஸ் கோயில் என்பார்கள், கப்புச்சின் துறவிகள் நடத்தியதால் வந்த பெயர். இப்போதைய கட்டடம் 1855-இல் முடிந்தது. எதிரே சின்னப் பூங்காவில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் சிலையாக நிற்கிறார்.

இந்த வீதியில்தான் வீடு பார்க்கப் பழக வேண்டும். பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், நடுவே வளைவு வைத்த பெரிய கதவு. தோட்டமும் முற்றமும் தூண் வரிசையும் எல்லாம் மதிலுக்குள்ளே. மேலே உயரமான சன்னல்கள், காற்று மட்டும் வரும்படி சாய்த்து அடித்த மரப்பட்டைக் கதவுகள். தெருவில் நடப்பவருக்குச் சுவரின் நிறமும் மேலே தொங்கும் கொடியும்தான் கிடைக்கும். ஒரு கதவு திறந்திருந்தால் நின்று எட்டிப் பார்க்கலாம், உள்ளே நுழையக் கூடாது. இவற்றில் பல இன்றும் ஆட்கள் வாழும் வீடுகள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் பிரெஞ்சுப் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல்தான் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்தது. ஆகவே இந்தப் பக்கம் நீங்கள் பார்க்கும் வீடுகள் அதற்குப் பிறகு எழுந்தவை.

படி 3: பாரதி பூங்காவில் உட்காருங்கள்

இடித்த கோட்டை நின்ற இடத்தில்தான் இன்றைய பாரதி பூங்கா இருக்கிறது. வடக்கே ராஜ் நிவாஸ் என்று அழைக்கப்பட்டு வந்த துணைநிலை ஆளுநர் மாளிகை, நடுவே வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது இதுதான்.

ஆயி ஒரு தாசி. அவள் மாளிகையில் விளக்குகள் எரிவதைத் தூரத்திலிருந்து பார்த்த விஜயநகர மன்னர் கோயில் என்று நினைத்து வணங்கிவிட்டார், பிறகு உண்மை தெரிந்து கோபத்தில் இடிக்கச் சொன்னார் என்பது கதை. நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிய ஆயி, வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டினாள். அது முத்திரையர்பாளையத்தில். பல தலைமுறை கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்த ஊருக்கு அங்கிருந்து கால்வாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுந்தது இந்த மண்டபம். ஒரு பேரரசர் காலத்தில் கட்டிய மண்டபத்துக்கு ஒரு தாசியின் பெயர் நின்றிருக்கிறது! ஒவ்வொரு முறையும் இங்கே பத்து நிமிடமாவது உட்காராமல் நான் போனதில்லை.

படி 4: மணக்குள விநாயகர், ஆசிரமம்

பூங்காவிலிருந்து வடக்கே சில நிமிடம். மணக்குள விநாயகர் கோயில் பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்தது. மணலும் குளமும் சேர்ந்து வந்த பெயர். பக்கத்து வீதியில் அரவிந்தர் ஆசிரமம். அரவிந்தர் 1910 ஏப்ரலில் ஆங்கிலேயர் கைக்கு எட்டாத ஊர் என்று இங்கே வந்தார், 1950-இல் மறையும் வரை இங்கேயே இருந்தார். சமாதி அருகே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, செல்போனை அணைத்துவிட வேண்டும். மிகச் சிறு குழந்தைகளை உள்ளே விடுவதில்லை என்பதால் குடும்பத்தோடு வந்தால் மாறி மாறிப் போய் வாருங்கள்.

படி 5: வாய்க்காலைத் தாண்டுங்கள்

பலர் திரும்பிவிடும் இடம் இது. நீங்கள் மேற்கே போங்கள். வாய்க்காலைத் தாண்டி, கொஞ்சம் வடக்கே வைசியாள் வீதியைக் கேட்டுப் போங்கள். கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் சொல்வார்கள்.

இந்தப் பக்கத்து வீடு தெருவுக்கு முகம் கொடுக்கிறது. மதில் கிடையாது. பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி வரிசையாக நிற்கும். முன்னால் மரத்தூண் நட்டு ஓடு போட்ட தாழ்வாரம் தெருப்பக்கம் இறங்கும். தெருவில் போகிற எவருக்கும் அது நிழல். உள்ளே திண்ணை, சிற்ப வேலை செய்த ஒற்றைக் கதவு, கதவு திறந்திருந்தால் முற்றத்து வெளிச்சம் தெரியும். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று வீட்டைக் கட்டும்போதே யோசித்த வீதி இது. சரி, இப்போது தலையை நிமிர்த்தி மாடியைப் பாருங்கள். கீழே தாழ்வாரமும் திண்ணையும், மேலே வளைவுச் சன்னலும் கைப்பிடிச் சுவருமாகச் சில வீடுகள் இருக்கும். கீழ்த்தளம் தமிழ், மாடி பிரெஞ்சு. இரண்டு பக்கமும் ஒரே கட்டடத்தில் சந்திக்கின்றன. இந்த வீதியைப் பழையபடி புதுப்பித்த வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

பக்கத்திலேயே ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908-இல் கைதுக்குத் தப்பி இங்கே வந்தவர் 1918 வரை பத்து ஆண்டுகள் இந்த ஊரில் கழித்தார். அவருடைய பெரிய காவியங்கள் இந்த ஊரில்தான் பிறந்தன. ஊரை விட்டு வெளியே கால் வைத்ததும் கடலூர் அருகே கைது செய்தார்கள். அவர் எவ்வளவு சின்ன நிலப்பரப்புக்குள் சுதந்திரமாக இருந்தார் என்பது, அரைநாளில் அதை நடந்து முடிக்கும்போது காலுக்கே தெரியும். நேரம் இருந்தால் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீட்டையும் பார்த்துவிடுங்கள்.

படி 6: தெற்கே, பெரிய மார்க்கெட் வழியாக

இனி தெற்கு நோக்கி நடை. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பெரிய மார்க்கெட், பலகையில் குபேர் அங்காடி என்று இருக்கும். மீன், பூ, காய்கறி எல்லாம் நெருக்கமான சந்துகளில். படம் எடுப்பதற்கு முன், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். வியாபாரம் நடக்கும் நேரம், வழியை மறித்து நிற்காதீர்கள்.

மார்க்கெட்டை ஒட்டித்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1738-இல் கட்டியது. துய்ப்ளெக்ஸுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736-இலிருந்து 1761-இல் இறக்கும் வரை அன்றாடம் கேட்டதையும் பார்த்ததையும் தமிழில் எழுதி வைத்தார். அன்றைய ஊரை இத்தனை நெருக்கமாகச் சொல்ல இன்னொருவர் இல்லை. கிழக்கே இடிந்து போன ஊரின் ஒரு துண்டு இங்கே மேற்கில் நிற்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தூண்களைப் பாருங்கள். உள்ளே எல்லா நாளும் விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்த்தாலும் வந்ததற்குப் பலன்தான்.

அப்புறம் மிஷன் வீதியில் சம்பா கோயில். சென் போல், அதாவது புனித பவுல் என்பது மக்கள் வாயில் சம்பா ஆயிற்று. இப்போதைய பேராலயம் 1791-இல் எழுந்தது. ஒரு காலத்தில் இதன் பக்கத்தில் வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748-இல் துய்ப்ளெக்ஸ் ஆட்சியில் அதை இடித்தார்கள். இடித்த நாட்களில் ஊர் பட்ட துயரத்தைப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆளுநருக்கு நெருக்கமானவர், ஊராருக்கும் வேண்டியவர்; அந்த நாட்களில் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கடற்கரையில் பார்த்த சிலை, மார்க்கெட் அருகே பார்த்த மாளிகை, இந்த இடம் மூன்றையும் ஒரே காலையில் நடந்து பார்த்தால்தான் அந்தக் கதை முழுதாகக் கிடைக்கிறது. வேதபுரீசுவரர் இப்போது காந்தி வீதியில் பிற்காலத்தில் கட்டிய கோயிலில் இருக்கிறார்.

படி 7: காசி வீதி, முல்லா வீதி, ரயில் நிலையம்

பேராலயத்துக்குத் தெற்கே முஸ்லிம்கள் வாழும் பகுதி. காசி வீதி, முல்லா வீதி என்று கேட்டால் காட்டுவார்கள். தாழ்வாரமும் திண்ணையும் இங்கேயும் உண்டு, மாடி முகப்புகளில் அலங்காரம் கொஞ்சம் கூடுதல். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கூட்டம் இருக்கும், அன்று இந்தப் பகுதியை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து தெற்கே ஊரின் எல்லைச் சாலையில் இறங்கினால் சிவப்பும் வெள்ளையுமாக இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-இல் திறந்த தேவாலயம், 2011-இல் பசிலிக்கா என்ற சிறப்புப் பட்டம் பெற்றது. பதினொரு மணி வெயிலில் உள்ளே நுழைந்தால், வண்ணக் கண்ணாடிச் சன்னல்களின் நிறம் தரையில் விழுந்து கிடக்கும். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள். ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றே ஊர் திரும்பாதவர்கள் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு, மாலை ஆறு மணிக்கு வண்டிகள் நின்றதும் மறுபடி காந்தி சிலைக்கு வந்துவிடலாம்.