கரிச்சானுக்கு வயலில் இருக்கை: பறவைத் தாங்கி அமைக்கும் முறை

கரிச்சான், இரட்டைவால் குருவி, எந்தப் பேர் சொன்னாலும் சரி, ஏரின் பின்னாலும் மேயும் மாட்டின் முதுகிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். உயரத்தில் உட்கார்ந்து சுற்றிலும் நோட்டமிடும். வெட்டுக்கிளியோ அந்துப்பூச்சியோ அசைந்தால் பாய்ந்து பிடித்து, பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். பெரிய இரையைக் காலால் அமுக்கிக்கொண்டு அலகால் பிய்த்துத் தின்னும். உள்ளே உட்கார இடமில்லாத வயலில் அதன் வேட்டை வரப்போரத்து மின்கம்பியை ஒட்டியே நின்றுவிடும். அதற்குத்தான் பறவைத் தாங்கி: வயலுக்குள் நட்ட குச்சியின் தலையில் குறுக்குக் குச்சி கட்டிய இருக்கை.

1. குச்சி: பயிர் முழுதாக வளர்ந்த உயரம், அதற்கு மேல் 2 அடி, மண்ணுக்குள் ஒன்றரை அடி. நிலக்கடலை, உளுந்துக்கு 5 அடி. பருத்திக்கு 8 அடி. குறுக்குக் குச்சி ஒன்றரை அடி நீளம், கட்டைவிரல் பருமன். பட்டை சொரசொரப்பாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம், நகம் பிடிக்காது.

2. கட்டு: பலருக்கும் சொதப்புவது இங்கேதான். ஒரே பக்கமாகச் சுற்றிக் கட்டினால் நாலு நாளில் முடிச்சு தளர்ந்து, பறவை உட்கார்ந்ததும் குறுக்குக் குச்சி உருளும். உருளும் குச்சியில் அது தங்காது. நடுகுச்சியின் தலையில் அரை அங்குல ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, குறுக்குக் குச்சியை அதில் உட்கார வைத்து, பெருக்கல் குறி போல இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். நைலான் வழுக்கும், நனைத்த தேங்காய் நார்க்கயிறுதான் என் தேர்வு. கவையுள்ள காய்ந்த கிளை கிடைத்தால் இந்த வேலையே இல்லை.

3. நடுதல்: விதைத்த கையோடு, 45 அடிக்கு ஒன்று. ஏக்கருக்கு 20 வரும். கடப்பாரையால் குழி போட்டு மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள். பாசனத்துக்குப் பிறகு ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

பறவை வருகிறதா என்று அறிய குச்சியடியில் பாருங்கள். இலையில் வெள்ளை எச்சம், வெட்டுக்கிளியின் ஒடிந்த கால், இறக்கைத் துண்டுகள் கிடக்கும்.

4. பிடுங்குதல்: நெல், சோளம், கம்பு பால் பிடிக்கும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விட்டால் கிளியும் குருவியும் அதே குச்சியில் உட்கார்ந்து கதிரைக் கொத்தும்.

தண்டுக்குள் இருக்கும் புழுவைக் கரிச்சானால் எடுக்க முடியாது. வெளியே திரியும் அந்துப்பூச்சியும் இலைமேல் ஊரும் புழுவும்தான் அதன் பங்கு. பூச்சிமருந்து அடித்தால் இரையும் போகும், விஷம் ஏறிய பூச்சியைத் தின்று பறவைக்கும் கேடு. பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரை கூடு கட்டும் காலம், வரப்பு மரத்தின் கிளையைக் கழிக்காதீர்கள்.

பின்சேர்க்கை: தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டிப் பக்கம் குச்சி நட வேண்டாம், தேனீயையும் பிடிக்கும். மாலையில் குச்சியைப் பிடுங்கி வைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம், இரவில் எலிக்காக ஆந்தை வந்து உட்காரும்.