களஞ்சியம் கட்டுகிறீர்களா? தொன் கணக்கையும் கேளுங்கள்

மலையகத்தில் பெரிய களஞ்சியத்துக்கு மதிப்பீடு வாங்கும்போது சதுர அடி விலையோடு நிறுத்தாதீர்கள். பிளொக் கல் சுவரா, இரும்புச் சட்டகத்தில் தகடா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை தொன் பொருள் கட்டுமிடத்துக்கு ஏற வேண்டும் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

100 சதுர அடி 6 அங்குல பிளொக் சுவர் சாந்தோடு ஏறக்குறைய 2 தொன், கெட்டிக் கல்லென்றால் இன்னும் அதிகம். அதே பரப்புக்குத் தகடு 50 கிலோகூட வராது. சட்டகத்தைச் சேர்த்தாலும் சில நூறு கிலோதான். நாவலப்பிட்டி நகரில் மலிவாகத் தெரியும் பிளொக் கட்டடம், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமேட்டில் லொறிக்கூலியும் சுமைக்கூலியும் சேர்ந்ததும் விலையேறிவிடும். சில மதிப்பீடுகள் பொருளைப் பிரதான வீதிவரை கொண்டுவரும் செலவோடு முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து மேலே ஏற்றும் கூலி எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பெரிய லொறி வாசல்வரை வருமானால் இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. உருளைக்கிழங்கோ தேயிலையோ வைப்பதானாலும் அப்படித்தான்: நுவரெலியாக் குளிரில் வெறும் தகடு உள்பக்கம் வியர்த்துச் சொட்டும், வெப்பத்தடுப்புப் போடும் செலவில் மிச்சம் கரைந்துவிடும். மண் வெட்டுதலையும் தாங்குசுவரையும் தனியாக விலை கேளுங்கள். எந்த முறையில் கட்டினாலும் அவை பெரிதாக மாறா.