கேள்வி கேட்டபின் மூன்று விநாடி

வகுப்பில் கேள்வி கேட்டதும் யாருடைய பெயரையும் உடனே சொல்லாதீர்கள். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு, அப்புறம் கூப்பிடுங்கள். பிள்ளை பதில் சொன்ன பிறகும் ‘சரி’, ‘தப்பு’ என்று பாயாமல் இன்னொரு மூன்று விநாடி பொறுங்கள்.

அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் தொடக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அது மூன்று விநாடியைத் தாண்டியதும் பதில்கள் நீண்டன, மௌனமாக உட்கார்ந்திருப்பது குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். முதலில் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிலுக்குப் பின் வரும் அமைதியில்தான் பிள்ளை தானாகவே ‘ஏன்னா...’ என்று தொடரும். பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டாவது இடைவெளியைத்தான்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. கேள்வியைப் புரிந்துகொண்டு தமிழில் சொல் தேட அவர்களுக்கு அந்த நேரம் கட்டாயம் வேண்டும். செலவும் இல்லை, தனிப் பயிற்சியும் தேவையில்லை. (முதல் வாரம் அந்த அமைதி ஆசிரியருக்குத்தான் சங்கடமாக இருக்கும்.)

வாய்ப்பாடு, ஊர்ப்பெயர், ஆண்டு போன்ற டக்கென்று சொல்ல வேண்டிய கேள்விகளுக்கு இது வேண்டாம், வகுப்பு தொய்ந்துவிடும். கேள்வியே புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள், வேறு மாதிரி கேளுங்கள்.