வாட்ச் பெசல் எண்கள் மங்கிவிட்டதா?

வாட்ச் கண்ணாடியைச் சுற்றியுள்ள பெசல் வளையத்தில் எண்களும் கோடுகளும் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தால், உதிர்ந்துபோன பெயின்ட்டை வீட்டிலேயே நிரப்பிவிடலாம். வெறுமனே மேலே அச்சிட்ட எண்களுக்கு இது சரிவராது. விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், குழி தட்டுப்பட வேண்டும்.

முதலில் கண்ணாடியை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். குழிகளில் மிச்சமிருக்கும் பழைய பெயின்ட்டைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம், கீறல் விழும். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அதில் அசிட்டோன் இருந்தால் அக்ரிலிக் கண்ணாடி வெளுத்துவிடும்.

மாடல் பொம்மைகளுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட் நன்றாக நிற்கும். குச்சி நுனியில் ஒரு துளி எடுத்துக் குழிக்குள் விடுங்கள், அது தானே பரவும். வெளியே வழிந்தால் பதற வேண்டாம். சில நிமிடம் கழித்து, பழைய பிளாஸ்டிக் கார்டில் மெல்லிய துணியை இறுக்கிச் சுற்றி, பெசலின் மேல் தட்டையாக இழுங்கள். விரலால் துடைத்தால் துணி குழிக்குள் இறங்கி, போட்ட பெயின்ட்டையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும்.

காயும்போது பெயின்ட் சற்றுச் சுருங்கும். மறுநாள் பள்ளமாகத் தெரிந்தால் இன்னொரு பூச்சு கொடுங்கள். அதற்கப்புறமும் இரண்டு நாளாவது தண்ணீர் படாமல் வைத்திருங்கள்.