உருளைக்கிழங்கு, எலுமிச்சம்பழம், ஒரு கைபேசி: இரட்டைச் சிறுகோளைக் கண்டறியப் பழகுவோம்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில், சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு பாறையை இன்னொரு குட்டிப் பாறை சுற்றிவருகிறது. மொட்டை மாடியில் வைக்கும் தொலைநோக்கியில் இது எப்படித் தெரியும்? இரண்டாகத் தெரியவே தெரியாது. பெரிய தொலைநோக்கியிலும் பெரும்பாலும் ஒரே புள்ளிதான். அந்தப் புள்ளி எப்போது, எவ்வளவு மங்குகிறது என்று விடாமல் குறித்துவந்தால், உள்ளே இரண்டு பேர் இருப்பது கணக்கில் வெளிப்படும். படம் எடுக்கும் ஆசையில் வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கணக்குப்பிள்ளைப் புத்தி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

பழகுவதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சிறுகோள் 1830 பாக்சன். சுமார் 8 கிலோமீட்டர் அகலம். 1968 ஏப்ரல் 17 அன்று சுவிட்சர்லாந்தில் பால் வில்ட் கண்டுபிடித்தார். அதற்குத் துணைக்கோள் இருப்பது 2007இல் தெரியவந்தது. பெயருக்குரிய நார்மன் பாக்சன் நம் சென்னை வான் ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர். 1861இல் அதே ஏப்ரல் 17 அன்று சென்னையிலிருந்து அவர் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ‘ஆசியா’ என்று பெயர். நட்சத்திரங்களின் பொலிவை எண்ணால் குறிக்க இன்று நாம் பயன்படுத்தும் அளவுமுறையை 1856இல் வகுத்ததும் அவரே. அந்த அளவுகோலை வைத்தே அவர் பெயர்கொண்ட பாறையின் இரட்டைத்தன்மையைப் பிடித்தார்கள்.

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்குச் சிறுகோள் அன்னியம் இல்லை. 4130 ராமானுஜன் என்ற சிறுகோள் 1988இல் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது காவலூர் வட ஆற்காடு மாவட்டம்; இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.

முதல் படி: மேசையில் ஒரு சிறுகோள்

கொஞ்சம் நீளவாக்கான, 8 சென்டிமீட்டர் அளவுள்ள உருளைக்கிழங்கு ஒன்று, 3 சென்டிமீட்டர் அளவுள்ள நாட்டு எலுமிச்சை ஒன்று. இரண்டின் மேலும் வெற்றிலைச் சுண்ணாம்பை நீர்விட்டுக் கரைத்துப் பூசிக் காயவையுங்கள். ஒன்று பழுப்பாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் இருந்தால் ஒளியை ஒரே அளவில் திருப்பி அனுப்பாது. நம் கணக்கு அங்கேயே கெடும். முதல் பூச்சு காய்ந்ததும் தோலின் பழுப்பு திட்டுத் திட்டாகத் தெரியும், இரண்டாம் பூச்சு கட்டாயம். சுண்ணாம்புக் கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள்.

கிழங்கின் நடுவில், நீளத்துக்குக் குறுக்காக, ஒரு மூங்கில் குச்சியைச் செருகிக் களிமண் உருண்டையில் நிறுத்துங்கள். குச்சி அச்சு. அடியில் ஒரு தாளை வைத்துக் கடிகார முகம்போல 1 முதல் 12 வரை எழுதுங்கள். பின்னால் கருப்புத் துணி. ஒரு சாண் தள்ளிக் கைபேசியை நிறுத்தி, அதன் பக்கத்திலேயே மேசை விளக்கை வையுங்கள். விளக்குக்கும் கைபேசிக்கும் நடுவே ஓர் அட்டை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கைபேசி விளக்கையே அளந்துகொண்டிருக்கும்.

கைபேசியில் ஒளியை அளக்கும் இலவசச் செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒளி உணரி திரைப்பக்கம் இருப்பதால், திரை கிழங்கைப் பார்த்து நிற்கும், உங்களைப் பார்க்காது. பதிவு செய்யும் வசதியுள்ள செயலியாகத் தேர்ந்தெடுத்தால் கழுத்து பிழைக்கும். திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். மின்விசிறியையும் நிறுத்தவேண்டும், ஏனென்றால் பிறகு எலுமிச்சையை நூலில் தொங்கவிடப்போகிறோம். மே மாதத்து வேலூரில் இதைச் செய்யச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சுழற்சியைக் குறித்தல்

முதலில் கிழங்கை எடுத்துவிட்டு வெறும் துணிக்கு வரும் எண்ணைக் குறியுங்கள். இனி வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் இதைக் கழிக்கவேண்டும். உண்மையான ஆய்வாளர்களும் வானத்தின் பின்புல ஒளியை இப்படித்தான் கழிக்கிறார்கள். காட்பாடித் தெருவிளக்குகளுக்குக் கீழே இருந்துகொண்டு வானம் பார்ப்பவர்களுக்கு இந்தப் படியின் அருமை புரியும்.

பிறகு கிழங்கை வைத்து, ஒவ்வொரு மணி அடையாளத்துக்கும் திருப்பி எண்ணைக் குறித்து, வரைபடத்தாளில் புள்ளியிடுங்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம் வரும். நீளப்பக்கம் இருமுறை முகம் காட்டுகிறது, நுனி இருமுறை. இந்தக் கோட்டுக்குப் பெயர் ஒளிவரைவு. புதிதாகப் பழகுபவர்கள் ஒரு மேட்டைப் பார்த்ததும் ஒரு சுற்று என்று எழுதிவிடுவது வழக்கம். சுழற்சி நேரம் பாதியாகிவிடும்.

பாக்சன் தன்னைத்தானே சுற்ற எடுக்கும் நேரம் சுமார் 2.57 மணி. இது மிக வேகம். ஈர்ப்பால் மட்டும் ஒட்டியிருக்கும் கற்குவியல் 2.2 மணிக்கும் குறைவான நேரத்தில் சுற்றினால் சிதறத் தொடங்கும். சூரிய ஒளியின் உந்துதல் சிறிய பாறைகளைப் பல லட்சம் ஆண்டுகளில் மெல்ல மெல்ல முடுக்கிவிடும். அந்த எல்லையை நெருங்கியதும் நடுப்பகுதியிலிருந்து பொருள் பிய்ந்து வெளியேறித் துணைக்கோளாகத் திரளும். சிறிய இரட்டைகளில் பல இப்படிப் பிறந்தவை என்பதே இன்றைய விளக்கம்.

மூன்றாம் படி: எலுமிச்சையின் மறைவு

கிழங்கின் நீளப்பக்கம் கைபேசியைப் பார்க்கட்டும். எலுமிச்சையை நூலில் கட்டிக் கிழங்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு அளவெடுங்கள். அடுத்து அதைக் கிழங்குக்குப் பின்னால் முழுக்க ஒளித்து அளவெடுங்கள். எண் சட்டென்று இறங்கும். முன்னால் கொண்டுவந்தும் பார்க்கலாம். ஆனால் மேசையில் எலுமிச்சை விளக்குக்கு அருகில் வந்துவிடுவதால் அந்த எண்ணை நம்பவேண்டாம். வானத்தில் இரண்டும் நமக்கு ஒரே தொலைவு என்றே சொல்லலாம்.

எவ்வளவு இறங்கவேண்டும் என்பதைத் தாளில் போட்டுவிடலாம். தாய்ப்பாறை 8 கிலோமீட்டர், துணைக்கு 3 என்று வைத்துக்கொள்வோம் (சதுரம் போட வசதி, வேறு காரணம் இல்லை). திரும்பிவரும் ஒளி பரப்பைப் பொறுத்தது. 64 பங்கும் 9 பங்கும் சேர்ந்து 73. துணை பின்னால் மறைந்தால் மிச்சம் 64. துணை முன்னால் வந்தால் தாயில் 9 பங்கை மறைக்கும், 55 தெரியும், தன் 9ஐக் கூட்டினால் மறுபடியும் 64. முன்னால் வந்தாலும் பின்னால் போனாலும் ஒரே பள்ளம்! மேசையில் பிடிபடாதது கணக்கில் பிடிபடுகிறது.

இதைப் பாக்சன் அளவில் சொல்ல, 73ஐ 64ஆல் வகுத்து, 10 அடிமான மடக்கை எடுத்து, 2.5ஆல் பெருக்குங்கள். சுமார் 0.14 வரும். அந்த அளவுகோலில் 5 படி என்றால் ஒளி 100 மடங்கு வித்தியாசம். 0.14 என்பது கண்ணுக்குப் புலப்படாத மங்கல், கருவிக்கு எளிது.

நான்காம் படி: கழித்துப் பார்த்தல்

வானத்தில் சுழற்சியும் மறைவும் ஒன்றாகக் கலந்தே வரும். வேகமான அலைமேல் எப்போதோ ஒரு பள்ளம். எனவே பள்ளம் இல்லாத நேரத்துப் புள்ளிகளைக் கொண்டு சுழற்சியின் ஒளிவரைவைச் சுத்தமாக வரைந்துகொண்டு, அதை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழிக்கவேண்டும். துணை கிட்டத்தட்ட உருண்டையாக இருந்தால், மிஞ்சுவது ஒரு சமதளக் கோடு, அதில் சம இடைவெளியில் பள்ளங்கள். அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களுக்கு இடைப்பட்ட நேரத்தை இரட்டித்தால் துணையின் சுற்றுக்காலம். 2022இல், டைடிமாஸ் என்ற சிறுகோளின் துணையான டைமார்ஃபாஸ்மீது நாசா விண்கலத்தை மோதியபின், அதன் சுற்றுக்காலம் அரை மணிக்குமேல் குறைந்ததை முக்கியமாக இந்த வழியில்தான் தரையிலிருந்து அளந்தார்கள்.

ஐந்தாம் படி: உண்மையான பதிவுகள்

பாக்சனின் துணை 24 மணி 15 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஒருமுறை சுற்றுகிறது. அதாவது ஏறக்குறைய நம் ஒரு நாள். இதுதான் வம்பு. பள்ளங்கள் சுமார் 12 மணிநேரத்துக்கு ஒன்று. காட்பாடியில் இரவில் எட்டு மணிநேரம் பார்க்கக் கிடைக்கிறது என்றால், இன்று பள்ளம் அந்த எட்டு மணிநேரத்துக்குள் விழாவிட்டால் நாளையும் பெரும்பாலும் விழாது. ஓர் இரவுக்குக் கால் மணிதான் நகரும். மோசமான நிலையில் பதினாறு இரவுகள் காத்திருக்கவேண்டும். நடுவில் மேகம் வந்தால் அதுவும் வீண். கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஒருவர் சேர்ந்துகொண்டால் அவருக்கு நமக்கு ஐந்து மணிநேரம் முன்பே இருட்டிவிடும். இருவரின் இரவையும் சேர்த்தால் 13 மணி, ஒரு பள்ளம் நிச்சயம் அகப்படும்.

சிறுகோள்களின் ஒளிப்பதிவுகளை இலவசமாக இறக்கிக்கொள்ள ஏ.எல்.சி.டி.இ.எஃப். என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஒரே ஊரின் கோப்பை மட்டும் எடுக்காமல், தீர்க்கரேகையில் விலகிய இரண்டு ஊர்களின் பதிவுகளையாவது எடுங்கள். நேரம் ஜூலியன் நாள் எண்ணில் இருக்கும். அந்த எண் உலகப் பொது நேரப்படி நண்பகலில் மாறும், நமக்கு அது மாலை ஐந்தரை. ஆகவே நம் ஊரின் ஓர் இரவு முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். தசமப் பகுதியை 24ஆல் பெருக்கினால் ஐந்தரையிலிருந்து எத்தனை மணி என்பது கிடைக்கும்.