உதவி அமைப்புகளை ஒரே நாட்டில் சேர்ந்து வேலை செய்ய வைப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரிடரோ போரோ தாக்கிய நாட்டில் சில வாரங்களுக்குள் ஏராளமான வெளிநாட்டு உதவி அமைப்புகள் வந்து இறங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைமையகம், தனிப் பணம், தனிக் கணக்கு. இவற்றை ஒருங்கிணைக்க ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. 1991இல் ஐ.நா. பொதுச்சபை 46/182 என்ற தீர்மானத்தை நிறைவேற்றி, இதற்கென்றே ஓர் உயர் பதவியை உருவாக்கியது. 2005இல் துறைவாரியாகப் பொறுப்பைப் பிரிக்கும் ‘கிளஸ்டர்’ முறை வந்தது. குடிநீர், கழிப்பறைக்கு யூனிசெஃப். மருத்துவத்துக்கு உலக சுகாதார நிறுவனம். சரக்குப் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம். அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தில்தான் இது முதலில் களத்துக்கு வந்தது.

ஆனாலும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. என் பார்வையில் அடிப்படைக் காரணம் ஒன்றுதான். ஓர் அமைப்பு தனக்குப் பணம் கொடுத்தவருக்குத்தான் பதில் சொல்கிறது. பக்கத்துக் கூடாரத்தில் வேலை செய்யும் அமைப்புக்கு அல்ல. ஒருங்கிணைப்பாளர் யாருக்கும் உத்தரவு போட முடியாது. இதை மறந்துவிட்டுத் திட்டம் போடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உள்நாட்டு அரசை ஒதுக்கிவிட்டுப் போவது

இருப்பதிலேயே பெரிய தவறு இது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது அதிபர் மாளிகையும் பெரும்பாலான அமைச்சகக் கட்டடங்களும் இடிந்துவிட்டன. அரசு செயலிழந்துவிட்டது என்று முடிவு செய்து, உதவி அமைப்புகள் தங்கள் போக்கில் இறங்கின. ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. முகாமில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. கிரியோலும் பிரெஞ்சும் பேசும் நாடு அது. உள்ளூர் அமைப்புக்காரர்களுக்கு வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. தாண்டி வந்தாலும் பேச்சு புரியாது. அவசர நிவாரணத்துக்கு வந்த பணத்தில் அந்நாட்டு அரசின் கைக்குப் போனது சுமார் 1 சதவீதம்தான். அரசிடம் திறன் இல்லை என்று சொல்லி ஒதுக்கினால், அந்தத் திறன் எப்போதுதான் வளரும்?

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணம் வேறு வழியில் போனது. 2004 சுனாமிக்குப் பின், 2005 ஏப்ரலில் அரசு மறுகட்டமைப்புக்கென்று பி.ஆர்.ஆர். என்ற தனி முகமையை அமைத்தது. அதன் தலைவர் குந்தோரோ மங்குசுப்ரோதோவுக்கு அமைச்சர் நிலை; நேரடியாக அதிபருக்குக் கீழே. அலுவலகம் ஜகார்த்தாவில் அல்ல, பண்டா ஆச்சேயிலேயே. அமைப்புகள் தங்கள் திட்டங்களை அங்கே பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். கூடவே, 15 கொடையாளர்கள் சேர்ந்து ஒரே நிதியில் பணம் போட்டார்கள்; அதை உலக வங்கி நிர்வகித்தது. அங்கே குளறுபடியே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ‘யாரைக் கேட்பது?’ என்ற கேள்விக்கு ஒரு விலாசம் இருந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, முக்கியமானதும்கூட. உள்நாட்டுப் போரில் அரசே ஒரு தரப்பாக இருக்கும்போது, எல்லாவற்றையும் அதன் வழியாகவே செய் என்றால் எதிர்ப்பக்க மக்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பும் இதனால்தான் கிளஸ்டர் அமைப்புக்குள் முழுதாக வராமல் கொஞ்சம் விலகி நிற்கின்றன. அவர்களையும் ஒரே குடைக்குள் இழுத்துப் பிடிக்க நினைப்பது இன்னொரு தவறு. எங்கே வேலை செய்கிறார்கள் என்ற தகவலைப் பகிர்ந்துகொண்டால் போதும்.

கூட்டம் போடுவதையே வேலையாக நினைப்பது

வாரத்துக்கு ஒரு கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து போன வாரம் என்ன செய்தோம் என்று வாசிப்பார்கள். அப்புறம் கலைந்துவிடுவார்கள். யார், எங்கே, என்ன செய்கிறார் என்ற அட்டவணை மட்டும் அழகாக நிரம்பும். அந்த அட்டவணையில் ஒரு மாவட்டத்தில் ஆறு பேர், இன்னொன்றில் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்த பிறகு, ஆறு பேரில் ஒருவராவது இடம் மாறினாரா? மாறவில்லை என்றால் அங்கே நடந்தது தகவல் பரிமாற்றம், அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பின் ஆச்சேயிலும் இலங்கையிலும் சிறு படகுகள் தேவைக்கு மேல் குவிந்ததை நினைத்துப் பாருங்கள். பல படகுகள் கடலுக்கே லாயக்கில்லாதவை. படகு எளிதில் கொடுக்கக்கூடிய பொருள், படத்திலும் நன்றாக விழும். கொடையாளரிடம் படகு என்று சொல்லிப் பணம் வாங்கிய அமைப்பால், கூட்டத்தில் உண்மை தெரிந்தாலும் மாற முடிவதில்லை. ஆகவே இந்தப் பேச்சைக் கொடையாளர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். நிதி ஒப்பந்தத்திலேயே இடத்தையும் பொருளையும் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். இது இல்லாமல் களத்தில் இருப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கூட்டத்தை நடத்துபவரே போட்டியாளராகவும் இருப்பது இதன் கிளைத் தவறு. தலைமை அமைப்புக்கும் சொந்தத் திட்டங்கள் உண்டு. காலையில் நடுவர், மாலையில் ஆட்டக்காரர் என்றால் யார் நம்புவார்கள்? ஒருங்கிணைப்புக்கென்று தனி ஆளை வைத்து, அவருக்கு வேறு திட்டப் பொறுப்பு கொடுக்காமல் இருப்பதே சரி.

பொது அளவுகோல் இல்லாமல் இறங்குவது

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து ஓடி வந்த அகதிகளுக்கு, எல்லையைத் தாண்டி இன்றைய காங்கோ நாட்டிலுள்ள கோமா நகரில் நடந்தது இதற்குக் கசப்பான பாடம். ஏராளமான அமைப்புகள் இருந்தும், காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். சில அமைப்புகளின் வேலைத் தரம் மிக மோசம் என்று பின்னர் நடந்த கூட்டு மதிப்பீடு சொன்னது. அதன் தொடர்ச்சியாக 1997இல், நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ஸ்பியர் திட்டம் தொடங்கியது. ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை போன்ற அளவுகள் அதில் உண்டு. முதல் கூட்டத்திலேயே இவற்றை அந்த நாட்டுக்கேற்ப முடிவு செய்துவிட வேண்டும்.

கூலியும் அப்படித்தான். இடிபாடு அகற்ற ஓர் அமைப்பு ஒரு தொகை தருகிறது, அடுத்த ஊரில் இன்னொன்று இரண்டு மடங்கு தருகிறது என்றால் ஆட்கள் அங்கே ஓடுவார்கள், ஊருக்குள் சண்டையும் வரும். அலுவலக ஊழியர் சம்பளத்தில் இது இன்னும் மோசம். சுகாதாரத் துறையின் நல்ல ஊழியர்களை ஓட்டுநராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இழுத்துக்கொண்டு, பிறகு அந்தத் துறைக்குத் திறன் பயிற்சி நடத்துவது இத்துறையில் வாடிக்கை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஒரே குடும்பத்தை ஐந்து அமைப்புகள் தனித்தனியாக வந்து கேள்வி கேட்பதையும் நிறுத்த வேண்டும். ஒரே கேள்வித்தாள், ஒரே கணக்கெடுப்பு, முடிவு எல்லோருக்கும்.

உள்ளூர் அமைப்புகளைக் கூலிக்காரர்களாக வைப்பது

2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சிமாநாட்டில் பெரிய கொடையாளர்களும் அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: 2020க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதமாவது உள்நாட்டு அமைப்புகளுக்கு, முடிந்தவரை நேரடியாக. அந்த இலக்கு எட்டப்படவில்லை. கூட்டத்துக்கு அழைத்து ஓரமாக உட்கார வைத்தால் பங்கேற்பு ஆகாது. நிதியை எப்படிப் பங்கிடுவது என்று முடிவெடுக்கும் குழுவில் அவர்களுக்கு இடம் வேண்டும், கூட்டம் அவர்கள் மொழியில் நடக்க வேண்டும்.

முடிவுத் தேதி இல்லாமல் தொடங்குவது

தற்காலிகமாக வந்த ஒருங்கிணைப்பு அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவது சகஜம். அரசுத் துறைக்கு இணையாக இன்னொரு துறையாகவே அவை வளர்ந்துவிடும். பி.ஆர்.ஆருக்குத் தொடக்கத்திலேயே நான்கு ஆண்டு என்று கெடு வைத்திருந்தார்கள்; 2009 ஏப்ரலில் மூடினார்கள். எந்த வேலை எந்தத் துறைக்கு, எந்தத் தேதியில் கைமாறும் என்பதைத் தொடங்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நிதி குறையத் தொடங்கிய பிறகு அதைப் பேச உட்கார ஆளே கிடைக்காது.